ஊர்ச் சூழல் குழு தொடங்க நினைக்கும் குமரிக்காரர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்போது பல ஊர்களில் குப்பை, குளம், மரம், கிணறு என்று ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துச் சிறு குழுக்கள் வேலை செய்கின்றன. ஓர் ஊரில் அது தேவாலயப் பங்கு இளைஞர்களாக இருக்கும், இன்னோர் ஊரில் மகளிர் சுய உதவிக் குழுவாக இருக்கும், சில இடங்களில் பள்ளிக்கூடத்துப் பசுமைப் படை. இந்தக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மலையும் வயலும் கடலும் ஒரு மணி நேரப் பஸ் பயணத்துக்குள் அடங்கிவிடும். அதனால் வேறு மாவட்டத்தில் சரிப்படுவது எல்லாம் இங்கே அப்படியே சரிப்படாது. பதில்களை அதை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

குழு என்றால் பதிவு செய்ய வேண்டுமா? எத்தனை பேர் வேண்டும்?

ஐந்து வீடு போதும். பதிவைப் பற்றிப் பணம் கைமாறத் தொடங்கும்போது யோசிக்கலாம். அதைவிட முக்கியம், மாதத்தில் ஒரு நாளை முடிவு செய்து அந்த நாளில் தவறாமல் கூடுவது. முதல் கூட்டத்துக்கு ஐம்பது பேர் வருவார்கள், மூன்றாவதுக்கு ஏழு பேர். அந்த ஏழு பேர்தான் குழு. வராதவர்களைப் பற்றிப் பேசி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

இப்படி ஊர்கூடிச் செய்வது நம்ம பக்கத்துக்குப் புதுசா?

இல்லை. 1920களிலேயே மார்த்தாண்டத்தில் ஒய்எம்சிஏ கிராம மையத்தை ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் நடத்தினார். பெட்டியில் தேனீ வளர்ப்பது, கோழி வளர்ப்பு, வீட்டுக் கைத்தொழில் என்று கையில் இருப்பதை வைத்தே வாழ வழி தேடிய முயற்சி அது. மார்த்தாண்டம் தேன் என்று இன்றைக்குப் பெயர் சொல்லி விற்பதற்கு அடிப்படை அங்கேதான் விழுந்தது. நம் ரப்பர் தோட்டத்தில் தளிர் விடும் காலத்தில் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரைத்தான் தேனீக்கள் எடுத்துத் தேனாக்குகின்றன. அதைக் கவனித்து, தோட்டம் தோட்டமாகப் பெட்டி வைத்து, கூட்டுறவுச் சங்கம் வரைக்கும் கொண்டுபோனவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்கு முன்னால் குளமும் சானல் என்று நாம் சொல்லும் கால்வாயும் ஊரார் மராமத்தில்தான் இருந்தன.

முதலில் கடற்கரையைச் சுத்தம் செய்யலாம் என்று இருக்கிறோம். சரிதானே?

செய்யலாம். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி வையுங்கள்: பொறுக்கிய குப்பை சாயங்காலம் எங்கே போகும்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் நடந்த கடற்கரைச் சுத்தங்கள் நிறைய உண்டு. காலையில் தொப்பியும் கையுறையும் பேனரும் இருக்கும், பத்து மணிக்குப் போட்டோ எடுப்பார்கள், நாற்பது சாக்கு மூட்டை ரோட்டோரம் நிற்கும். இரண்டு நாள் கழித்து நாய் கிழித்துப் போட, காற்று மறுபடியும் கடலுக்கே கொண்டுபோகும். ஆகவே முந்தின வாரமே பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பாட்டில், கண்ணாடி, உலோகம் மூன்றையும் கரையிலேயே பிரித்தால் பழைய சாமான் கடைக்காரரே வந்து எடுத்துக்கொள்வார். மிச்சம் இருப்பது கிழிந்த கவரும் அறுந்த வலைத் துண்டும்.

அந்த வலைத் துண்டை இலேசாக நினைக்காதீர்கள். நைலான் வலை கடலில் மக்காது. யாரும் இழுக்காமலேயே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் கடற்கரைச் சுத்தத்தை மீனவர்களைக் கேட்காமல் திட்டமிடவே கூடாது. பழைய வலையைக் கரையில் எங்கே போடுகிறார்கள், ஏன் போடுகிறார்கள், எடுத்துக்கொள்ள ஆள் இருந்தால் கொடுப்பார்களா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். சின்னமுட்டம், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற துறைமுகங்களில் ஒரே ஒரு வலைச் சேகரிப்பு மூலை ஒழுங்காக நடந்தால், அது பத்து ஞாயிற்றுக்கிழமைச் சுத்தத்துக்குச் சமம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. ஜனவரியில் இருந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமைகள் நம் கரையில் ஏறி முட்டையிடும். ஒரு குழியில் நூற்றுக்கு மேல் முட்டை இருக்கும், பொரிய ஐம்பது நாள் போல ஆகும். அந்த மாதங்களில் மணலை வாரியால் இழுப்பதும் ஜேசிபி இறக்குவதும் வேண்டாம். கையால் பொறுக்குங்கள். ஆமைத் தடமோ முட்டையோ கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கோவில் கொடை, திருவிழா, கல்யாணம் இவற்றில் சேரும் பிளாஸ்டிக்கை எப்படிக் குறைப்பது?

இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று எந்தக் குழு கேட்டாலும் சொல்வேன். நம்ம மாவட்டத்தில் சாப்பாடு இல்லாத விசேஷம் கிடையாது. மாசியில் மண்டைக்காடு, மார்கழியில் சுசீந்திரம் தேர், டிசம்பர் தொடக்கத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழா, அப்புறம் ஊர்க் கொடைகள், கல்யாணம், அடியந்திரம். எல்லாவற்றிலும் பந்தி உண்டு.

நல்ல விஷயம், வாழை இலை இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. குப்பை சேர்வது இலையைச் சுற்றித்தான். கால் லிட்டர், முந்நூறு மில்லி வாட்டர் பாட்டில், பாயசக் கப், ஐஸ்கிரீம் கப், மேசைமேல் விரிக்கும் ரோல். ஐந்நூறு பேர் சாப்பிடும் கல்யாணத்தில் ஐந்நூறு பாட்டில், இரண்டு பாயசம் என்றால் ஆயிரம் கப். அதில் பாதிப் பாட்டிலில் பாதித் தண்ணீர் அப்படியே கிடக்கும். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூடையை ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும், ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று புரியும்.

மாற்று ஒன்றும் புதிதில்லை. பாயசத்தை இலையிலேயே விட்டு, பப்படத்தை நொறுக்கி, மட்டிப் பழத்தைப் பிசைந்து சாப்பிட்ட கை நம்முடையது. குடிக்க எவர்சில்வர் டம்ளரில் சீரக வெள்ளம், அதாவது சீரகம் போட்ட தண்ணீர். இதை நடத்திக்காட்டப் பாத்திர வங்கி வேண்டும். ஒரு பந்திக்கு இருநூற்றைம்பது பேர் உட்காரும் மண்டபம் என்றால் முந்நூறு டம்ளர், முந்நூறு சின்னக் கிண்ணம், இருபது கூஜா, கழுவப் பெரிய சருவம் நான்கு. பெயர் பொறித்து வாங்கி ஊரிலேயே வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டால் முழுதாகவே வாங்கித் தந்துவிடுவார், பல ஊர்களில் அப்படித்தான் நடக்கிறது.

பாத்திர வங்கி நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் பாத்திரம் இல்லாதது அல்ல, கழுவ ஆள் இல்லாதது. ராத்திரி பதினோரு மணிக்கு முந்நூறு டம்ளரை யார் கழுவுவது? அந்த வேலைக்குக் கூலியை வாடகையிலேயே சேர்த்துவிடுங்கள். கழுவும் பெண்களுக்குக் கொடுக்க வேண்டிய நல்ல சம்பளத்தைப் பாட்டில் வாங்காததில் மிச்சமாகும் பணமே ஈடுகட்டும். கணக்குப் போட்டு விசேஷ வீட்டாரிடம் காட்டினால் ஒத்துக்கொள்வார்கள்.

பேப்பர் கப் பிளாஸ்டிக் இல்லையே, அதைப் பயன்படுத்தலாமே?

உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, அதனால்தான் டீ ஒழுகுவதில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் பூச்சுள்ள பேப்பர் கப்பும் தட்டும் உண்டு. எவ்வளவு தடிமனாக இருந்தாலும் கேரி பேக், துணி போலத் தெரியும் நெய்யாத பை, உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், சாப்பாட்டு மேசை விரிப்பு, தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் கொடி எல்லாம் அந்தப் பட்டியலில் இருப்பவைதான். கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். பட்டியலை அச்சடித்துக் கொடுங்கள். பல பேருக்கு நெய்யாத பையும் தடையில் வரும் என்பதே தெரியாது.

மஞ்சப்பை கொடுத்தால் போதாதா?

2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிய பிறகு எல்லார் வீட்டிலும் நாலு பை இருக்கிறது. கடைக்குப் போகும்போது கையில் இல்லை, அவ்வளவுதான். பைக்கின் பெட்டியில் ஒன்று, ஆபீஸ் பையில் ஒன்று. புதிதாக அச்சடித்துக் கொடுக்கச் செலவழிக்க வேண்டாம். மீன் வாங்கத் துணிப்பை ஆகாது, அதற்கு மூடியுள்ள பாத்திரமோ ஓலைப்பெட்டியோ வேண்டும். பனையோலைப் பெட்டி முடைகிறவர்கள் நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் மொத்தமாக வாங்கி மீன் சந்தைக்குப் போகிறவர்களுக்கு விற்றால் இரண்டு பக்கமும் பிழைக்கும்.

தினமும் முற்றம் பெருக்கிச் சவறைத் தீ போடுகிறோம். பரம்பரையாகச் செய்வதுதானே, அதில் என்ன தப்பு?

பாட்டி எரித்தது இலை. இப்போது அந்த இலைக்குள் பால் கவரும் ஷாம்பு பாக்கெட்டும் டயபரும் கிடக்கின்றன. அந்தப் புகையில் இருப்பது நுரையீரலுக்கும் இரத்தத்துக்கும் போகும் நஞ்சு. குனிந்து நின்று தீயைக் கிளறுகிறவர் பெரும்பாலும் வீட்டு அம்மா, பக்கத்தில் நிற்பது குழந்தை. இலையை மட்டும் எரித்தாலும் நஷ்டம் நமக்குத்தான். இரண்டு மழையும் கொட்டிக் கரைத்துக்கொண்டு போகும் செம்மண்ணுக்கு இலைமக்குதான் சத்து.

மக்க வைப்பது எளிது. நிழலில், மண் தரையில், ஹாலோ பிளாக் கல்லை இடைவெளி விட்டு அடுக்கி மூன்றடிக்கு மூன்றடியில் இரண்டு தொட்டி. அடியில் தேங்காய்த் தொண்டு ஒரு வரிசை. அதன்மேல் சமையலறைக் கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை இரண்டு பங்கு, கொஞ்சம் சாணக் கரைசல் அல்லது பழைய மக்கு உரம். ஒரு தொட்டி நிறைந்ததும் அடுத்தது. அது நிறைவதற்குள் முதல் தொட்டி உரமாகியிருக்கும், இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். மேலே கூரை கட்டாயம் வேண்டும், ஓலைக்கீற்று போதும். ஜூன் மழையில் திறந்த தொட்டி சேறாகிவிடும், நாற்றம் கிளம்பும், பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். நாறினால் காய்ந்த இலை போடுங்கள், காய்ந்து கிடந்தால் தண்ணீர் தெளியுங்கள். வெள்ளைப் புழு நெளிந்தால் பயப்பட வேண்டாம், அதுவும் வேலைதான் செய்கிறது.

கொதும்பு, மடல், சிரட்டை இவை அடுப்புக்கு நல்லவை. அவற்றைத் தொட்டியில் போட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

மீன் கழிவை என்ன செய்வது? அதுதான் எங்கள் வீட்டில் தினமும் பிரச்சினை.

குமரியில் இந்தக் கேள்வி வராத கூட்டம் இல்லை. மக்குத் தொட்டியில் மேலாகப் போட்டால் பூனையும் நாயும் கிளறும். தென்னை மூட்டில், தூரை ஒட்டாமல் தள்ளி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மண்ணை அழுத்தி மூடினால் வாசம் வராது. தினம் ஒரு தென்னை என்று மாற்றிக்கொண்டே போங்கள்.

இடமில்லாத வீட்டுக்கு மீன் அமிலம் நல்ல வழி. செவுள், குடல், செதில் ஒரு கிலோ, நாட்டு வெல்லம் ஒரு கிலோ, கலந்து காற்றுப் புகாமல் மூடி நிழலில் வையுங்கள். வாயு சேரும், அதனால் அவ்வப்போது மூடியை இலேசாகத் திறந்து விடுங்கள். மூன்று வாரத்தில் நாற்றம் போய்ப் பழ வாசம் வந்தால் தயார். வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து மில்லிக்கு மேல் போகாமல் கலந்து செடிக்குத் தெளிக்கலாம். மாடித் தோட்டக்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஒரு மகளிர் குழு மீன் சந்தையிலேயே கழிவைச் சேகரித்து இதைச் செய்தால், குப்பை வண்டிக்குப் போவதில் மிகவும் நாறும் பங்கு குறைந்துவிடும்.

வீட்டில் கழிவில் இருந்து எரிவாயு எடுக்க முடியுமா?

முடியும். கன்னியாகுமரி விவேகானந்தபுரத்தில் விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள அபிவிருத்தித் திட்டம், நார்டெப் என்று சொல்வார்கள், சமையலறைக் கழிவில் இயங்கும் ‘சக்தி சுரபி’ என்ற கலனை உருவாக்கிப் பரப்பியிருக்கிறது. முதலில் சாணம் ஊற்றித் தொடங்க வேண்டும், பிறகு சோற்றுக் கஞ்சி, காய்கறிக் கழிவு போதும். எலுமிச்சைத் தோலும் முட்டை ஓடும் எலும்பும் போடக் கூடாது. தனி வீட்டைவிட, தினமும் ஒரே அளவு கழிவு வரும் விடுதி, மடம், சத்துணவுக்கூடம் போன்ற இடங்களில் நன்றாக ஓடும்.

நாங்கள் மலையோரம், ரப்பர் தோட்டப் பகுதி. எங்களுக்குக் கடலும் குளமும் இல்லை.

ஆனால் கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் உங்கள் பங்கு உண்டு. மழையிலும் பால் வெட்டுவதற்கு மரத்தில் ஒட்டும் மழைக்காப்புப் பிளாஸ்டிக்கைப் பாருங்கள். ஒவ்வொரு மரத்திலும் ஒரு பாவாடை, ஒவ்வொரு சீசனுக்கும் புதிது. பழையது கிழிந்து மரத்தடியில் விழுந்து, மழைநீரோடு ஓடைக்கு வந்து, கோதையாறு, பரளியாறு வழியாகக் குழித்துறை ஆற்றில் சேர்ந்து தேங்காய்ப்பட்டணத்தில் கடலைத் தொடுகிறது. வெட்டுக்காரர்கள் பழசை உரிக்கும் நாளிலேயே சாக்கில் கட்டி வைத்தால் பாதி வேலை முடிந்தது. தோட்ட முதலாளிகள், வெட்டுக்காரர்கள் இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேச வேண்டிய விஷயம் இது. இதைக் கையில் எடுக்கும் குழு இன்னும் அதிகம் இல்லை என்பது என் ஆதங்கம்.

எங்கள் ஊர்க் குளத்தைத் தூர் வாரலாமா?

மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உள்ளன. ஒன்று நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும்படி சங்கிலியாக அமைந்தவை நிறைய. அதனால் உங்கள் குளத்தில் கை வைப்பது கீழே இருக்கும் குளத்தையும் தொடும்.

முதலில் குளம் யாருடையது என்று பாருங்கள். நீர்வளத்துறையா, உள்ளாட்சியா, கோவிலா? அனுமதி அங்கேதான். அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண் எடுத்தாலும் மண் திருட்டு என்ற பேச்சு வரும், நல்ல குழுக்கள் அதில் உடைந்துபோகும். அனுமதி தேவைப்படாத வேலையே ஆறு மாதத்துக்கு இருக்கிறது: வரும் சானலில் குப்பை எங்கே விழுகிறது, சாக்கடை எந்த இடத்தில் சேர்கிறது, மடை திறக்கிறதா, மறுகால் அடைத்திருக்கிறதா என்று நடந்து பார்த்துப் படம் வரைவது. வரத்துக் கால்வாய் அடைபட்ட குளத்தை எவ்வளவு ஆழம் தோண்டினாலும் தண்ணீர் நிற்காது.

ஆகாயத்தாமரையை மழைக்கு முன், தண்ணீர் குறைந்திருக்கும்போது எடுங்கள். கரையில் குவித்து விட்டுப் போனால் முதல் மழையில் மறுபடி குளத்துக்கே வரும். நறுக்கி, காய வைத்து, மக்குத் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். சாக்கடை நிற்காத வரை அது திரும்ப வந்துகொண்டே இருக்கும் என்பதையும் ஊருக்குச் சொல்லிவிடுங்கள்.

அதே சமயம் குளத்தை மொட்டையாக்க வேண்டாம். சுசீந்திரம்-தேரூர், வேம்பனூர் இரண்டு சதுப்பு நிலங்களும் 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. கோரையும் அல்லியும் சேறும்தான் அங்கே வரும் கூழைக்கடாவுக்கும் நாரைக்கும் நீர்க்கோழிக்கும் வீடும் சாப்பாடும். ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி, சுற்றிச் சிமெண்ட் நடைபாதை போட்டுவிட்டால் காலால் நடந்து இரை தேடும் பறவைக்கு இடமே இல்லை. ஓரம் சரிவாக இருக்கட்டும். இந்தச் சதுப்பு நிலங்களை ஒட்டி வேலை செய்வதென்றால் வனத்துறையையும் கேட்க வேண்டும்.

குழந்தைகளை இதில் எப்படிச் சேர்ப்பது? கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி வைத்தால் போதுமா?

போட்டி ஒரு நாளில் முடிந்துவிடும். பறவை எண்ணும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் வாழ்நாளுக்கும் விடாது. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு முற்றத்திலோ குளத்தங்கரையிலோ பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி இபேர்ட் செயலியில் ஏற்றினால் போதும். வலசை வந்த வாத்துகள் இருக்கும் மாதம் அது, தேரூரிலோ மணக்குடியிலோ நிறையப் பார்க்கலாம். இருநோக்கி ஒன்றே ஒன்று இருந்தாலும் பத்துப் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். கவிமணி பிறந்த தேரூர்க் குளத்தங்கரையில் நின்று ஒரு பிள்ளை முதல் தடவை மஞ்சள்மூக்கு நாரையின் இறக்கையில் இருக்கும் ரோஜா நிறத்தைப் பார்க்கும்போது முகத்தைக் கவனியுங்கள். குளத்தில் குப்பை போடக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்கு அப்புறம் சொல்ல வேண்டியதில்லை.

என்ன மரம் நடலாம்?

கடலோரம் புன்னை, பூவரசு. குளத்தங்கரையில் மருதம், நாவல், நீர்க்கடம்பு. கோவில், பள்ளி, ஆலய வளாகத்தில் இலுப்பை, வேம்பு, பலா. வயல் வரப்பிலும் மேட்டு விளையிலும் பனை.

பனையைப் பற்றி இரண்டு வரி அதிகமாகச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் பனம்பழம் விழும்போது கொட்டையைச் சேர்த்து, பத்தடி இடைவெளியில் அரையடிக் குழியில் போட்டால் மழையிலேயே முளைத்துவிடும். வேலி வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒக்கிப் புயல் 2017 நவம்பர் கடைசியில் அடித்தபோது ரப்பரும் வாழையும் ஏராளமாகச் சாய்ந்ததை எல்லாரும் பார்த்தோம், பனை நின்றது. பனையை வெட்ட இப்போது மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஆனால் அக்கானி (பதநீர்) இறக்க ஆள் இல்லாமல், கருப்பட்டிக்கு நியாயமான விலை இல்லாமல் பனை மட்டும் நின்று பயனில்லை. கலப்படமில்லாத கருப்பட்டியைப் பனையேறியிடமே நேராக வாங்குங்கள், அதுவும் சூழல் வேலைதான்.

ஆமை ஏறும் மணல் திட்டில் எந்த மரமும் நட வேண்டாம். பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயலில் அலையாத்தி நட ஆசை இருந்தால் வனத்துறையோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும், இடமும் உப்பின் அளவும் பார்த்து நட வேண்டிய மரம் அது.

கிணற்றுத் தண்ணீர் உப்பாகிறது. குழு ஏதாவது செய்ய முடியுமா?

வீட்டுக்கு ஒரு கிணறு இருக்கும் மாவட்டம் நமது. கூரையில் விழும் மழையைக் கிணற்றுக்கே விடுங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் தொள்ளாயிரம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். நம்ம ஊரில் ஒரே ராத்திரியில் அதைப் போலப் பல மடங்கு பெய்யும். குழாயைக் கிணற்றின் பக்கத்தில் ஒரு வடிகட்டித் தொட்டிக்குக் கொண்டுவந்து, அடியில் பெரிய ஜல்லி, மேலே சின்ன ஜல்லி, அதற்கு மேல் ஆற்று மணல், வாயில் கொசுவலை. சீசனின் முதல் இரண்டு மழையை வெளியே விட்டுக் கூரை கழுவட்டும், அதன் பிறகு கிணற்றுக்குத் திருப்புங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை மணலை எடுத்துக் கழுவிப் போட வேண்டும், இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும். மழைநீர் சேகரிப்பு 2003இல் இருந்தே தமிழ்நாட்டில் கட்டாயம். பல வீடுகளில் குழாய் இருக்கிறது, முடிவது ரோட்டில். அதைக் கிணற்றுப் பக்கம் திருப்பி விடுவதுதான் குழுவின் வேலை. ஒரு தெருவில் பத்துக் கிணறு சேர்ந்து செய்தால்தான் வித்தியாசம் தெரியும்.

கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் கிராம சபையே நடப்பதில்லையே?

உங்கள் ஊர் பேரூராட்சியாக இருக்கும். குமரியில் 95 கிராம ஊராட்சிகள்தான். பேரூராட்சிகளோ ஐம்பதை ஒட்டிய எண்ணிக்கை. பார்ப்பதற்கு வயலும் தோப்புமாக இருந்தாலும் சட்டப்படி பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சி, அங்கே கிராம சபை கிடையாது. கவுன்சிலரிடமும் செயல் அலுவலரிடமும் எழுத்தில் கொடுங்கள், வார்டு அளவில் மக்கள் கூட்டம் எப்போது என்று கேளுங்கள். ஊராட்சிக்காரர்களுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் உண்டு. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், குளத்தைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. கோரிக்கை ஒரே ஒன்றாக, இடத்தின் பெயரோடு இருக்கட்டும்.

ராத்திரியில் லாரியில் கழிவு கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறார்கள். என்ன செய்வது?

கேரள எல்லை தாண்டிக் கோழிக் கழிவும் ஓட்டல் கழிவும் மருத்துவக் கழிவும் வந்து விழுவது களியக்காவிளைப் பக்கத்தில் பல ஆண்டுகளாக இருக்கும் வேதனை. வண்டியை நீங்களே மறிக்க வேண்டாம், கைகலப்பில் முடியும். வண்டி எண்ணும் நேரமும் இடமும் தெரியும்படி படம் எடுத்து, உடனே 112க்குச் சொல்லி, மறுநாள் உள்ளாட்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இரண்டுக்கும் எழுதுங்கள். முதல்வரின் உதவி மையம் 1100இலும் பதிவு செய்யலாம். கழிவில் பில், மருந்துச்சீட்டு, முகவரி இருந்தால் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், ஊசி இருக்கலாம். நிலத்தின் சொந்தக்காரர் நம்மூர்க்காரராக இருந்து வாடகை வாங்கியிருந்தால் அவரிடமும் ஊர் பேசியாக வேண்டும்.

எங்கள் ஊரில் சாதி, மதம் என்று பிரிந்து கிடக்கிறார்கள். ஒரே குழுவாக நடத்த முடியுமா?

கூட்டத்தைக் கோவில் மண்டபத்திலோ ஆலய வளாகத்திலோ மட்டும் வைக்காமல் பள்ளிக்கூடம், நூலகம், குளத்தங்கரை என்று மாற்றி வையுங்கள். பாத்திர வங்கியின் சாவி இரண்டு தெருவில் இருக்கட்டும். கொடைக்கும் திருவிழாவுக்கும் பள்ளிவாசல் விருந்துக்கும் ஒரே டம்ளர் போகத் தொடங்கினால் மற்றதைப் பேசுவது எளிதாகும்.

தூய்மைப் பணியாளர்களுக்கு இதனால் என்ன பயன்?

நேரடியான பயன். டயபரும் நாப்கினும் சோறும் கண்ணாடியும் ஒரே கவரில் கட்டிக் கொடுத்தால் அதை வெறும் கையால் பிரிப்பது அவர்கள்தான். வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியாகிவிட்டது. உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் பேப்பரில் சுற்றி மேலே எழுதிக் கொடுங்கள், டயபர், நாப்கினைத் தனியாகச் சுற்றுங்கள். குழுக் கூட்டத்துக்கு அவர்களில் இருவரைக் கூப்பிட்டு, கூட்டத்தில் இருந்த நேரத்துக்குக் கூலியும் கொடுத்து, எந்தத் தெருவில் என்ன சிரமம் என்று கேளுங்கள். ஊரின் குப்பையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

பணத்துக்கு என்ன வழி?

வீட்டுக்கு மாதம் இருபது ரூபாய், பாத்திர வாடகை, உரம் விற்ற காசு. வரவு செலவை மாதா மாதம் டீக்கடைச் சுவரில் ஒட்டுங்கள்.

வேலை நடக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை எழுதாதீர்கள், அடுத்த கோடையில் உயிரோடு இருப்பதை எண்ணுங்கள். பாட்டில் இல்லாமல் நடந்த விசேஷங்களை எண்ணுங்கள். மே மாதத்தில் ஐந்து கிணறுகளில் கயிறு விட்டு நீர்மட்டம் அளந்து, அடுத்த மே மாதம் அதே கிணறுகளில் அளந்து பாருங்கள். தெருவில் காலையில் எத்தனை வீட்டில் புகை எழுகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடியும் குறியுங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும், அதை விடாமல் எழுத ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையும் போதும்.